தறியும் மூன்று தலைமுறையும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று இயங்கி வருகிறது. கணிப்பொறிக் கல்வி பயிலும் மாணவர்கள் நாள்தோறும் அங்குச் செல்கின்றனர். அருகிலுள்ள காஞ்சியிலோ பட்டுத்தறிகளின் ஓசை இன்னும் ஓயவில்லை. பாட்டனார் குழித்தறியிலும் பேரன் கணிப்பொறி முன்பும் அமர்ந்திருக்கும் குடும்பங்கள் இப்பகுதிக்குப் புதியனவல்ல. முதியோருக்குப் புதுமை புரியாது என்றும், இளைஞருக்குப் பழமையில் அக்கறையில்லை என்றும் நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம்.

பாட்டனாரின் பள்ளி

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை ஆகும். சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை மற்றொரு நிறமாகவும் அமைய, இரண்டின் ஊடைநூல்களும் சந்திக்குமிடத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளுமாறு நெய்யப்படுகிறது. இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. இரு கரைகளுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. ஒருவரே மூன்றையும் கையாளுதல் அரிதாகையால், பக்கத்தில் ஒரு துணையாள் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை வீசுவார். முற்காலத்தில் அத்துணையாள் பெரும்பாலும் ஒரு சிறுவனே. எழுத்தை அறியுமுன் அவன் தறியை அறிந்தான். பட்டிழையின் இழுவிசையை அவன் விரல்களே உணர்ந்தன. ஆயினும் அத்திறமைக்கு அவன் கொடுத்த விலை பள்ளிப்படிப்பு என்பதை நாம் மறத்தலாகாது.

தந்தையின் அட்டை

முன்பு கரையிலும் முந்தானையிலும் பூ வேலைப்பாடு எழ வேண்டுமானால், கட்டி வைத்த கயிறுகளை முறைப்படி இழுத்துப் பாவுநூல்களைத் தூக்க வேண்டும். இதனை ‘அடை’ என்பர். பின்னர் இவ்வேலையை ஜக்கார்டு பெட்டி ஏற்றுக்கொண்டது. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கிய கருவி இது. இதில் ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையில் துளை இருக்குமிடத்தில் பாவுநூல் உயரும். துளை இல்லாவிடில் உயராது. கட்டமிட்ட தாளில் வரைந்த அன்னமும் மயிலும் இவ்வாறு அட்டைத் துளைகளாகிப் பட்டில் உருப்பெறுகின்றன. அடையில் வளர்ந்தவர்க்கு ஜக்கார்டு புதுமை. ஜக்கார்டோடு வளர்ந்த அடுத்த தலைமுறைக்கோ அது வீட்டுச் சாமான்.

பேரனின் பொறி

‘துளை உண்டு, துளை இல்லை’ என்ற இந்த எளிய முறையே கணிப்பொறியின் வரலாற்றிலும் இடம்பெற்றது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 19-ஆம் நூற்றாண்டில் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு ஜக்கார்டின் துளையட்டைகளையே மேற்கொள்ளக் கருதினார். 1890-இல் அமெரிக்க நாட்டுக் குடிக்கணக்கும் துளையட்டைகளின் துணையால் கூட்டப்பெற்றது. இன்றைய கணிப்பொறி ‘ஒன்று, சுழி’ என்ற இரண்டே குறிகளால் இயங்குகிறது. இப்போது சில தறிகளில் அட்டைக்குப் பதிலாகக் கணிப்பொறியில் வரைந்த சித்திரமே மின்னணு ஜக்கார்டை இயக்குகிறது. ஆகவே பேரன் கற்கும் பொறி, தந்தை மிதித்த தறிக்கு அயலானதன்று. ஒவ்வொருவரும் இளமையில் கைபட்ட கருவியை இயல்பெனக் கருதுகின்றனர். பின்னால் வந்ததைக் கண்டு மலைக்கின்றனர். வேறுபாடு அறிவில் இல்லை, பழக்கத்திலேயே உள்ளது.

எதிர்நோக்கும் இழப்பு

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டமும் சிறுவரின் இடம் பள்ளியே என்று காட்டின. இது போற்றத்தக்கது. ஆனால் சிறுவன் பள்ளிக்குச் சென்றபின், தறியருகில் கோர்வை கற்கும் வழி குறுகிவிட்டது. ஜக்கார்டு பாவுநூலைத் தூக்குமேயன்றிக் கைத்தறியின் கோர்வையைப் பின்னித் தராது. கற்பிக்கும் முதியோர் மறையுமுன் வேறு வழி காணாவிடில், எந்தப் பொறியாலும் அதை மீட்க இயலாது.

மறுபுறம், இன்று கூலியும் உதவித்தொகையும் வங்கிக் கணக்கில் சேர்கின்றன. செய்தி கைபேசிக்கு வருகிறது. அதைப் படிக்க இயலாத முதிய நெசவாளர், உழைத்த பணத்தை அறியவும் பிறரை எதிர்பார்க்கிறார். இரகசிய எண்ணை அயலாரிடம் கூறி ஏமாறவும் நேரிடுகிறது.

நாம் செய்யத்தக்கவை

1. கல்வி முடித்த இளைஞர்க்குக் கூலியுடன் கூடிய கோர்வைப் பயிற்சியைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழங்கலாம். சிறுவரை மீண்டும் தறியில் அமர்த்துதல் கூடாது.

2. பாட்டனாரின் கைவேலையைப் பேரப்பிள்ளைகள் கைபேசியில் படம் பிடித்து, அவர் கூறும் தொழிற்சொற்களையும் பதிவு செய்க.

3. வாரம் ஒரு நாள் மாலையில் இளைஞர்கள் முதியோர்க்குக் கைபேசி கற்பிக்கலாம். வந்த தொகையைத் தாமே பார்த்தறிதலும், இரகசிய எண்ணை எவரிடமும் கூறாமையும் முதற்பாடமாகுக.

4. கற்பிப்பவர் அவசரப்படாதிருத்தல் வேண்டும். முதல் நாளில் நாடா கைநழுவிய சிறுவனைப் பொறுத்த பாட்டனாரை, கைபேசி கைநழுவும் நாளில் பேரன் பொறுத்தல் முறையன்றோ?

பாவு மட்டும் சேலையாகாது. ஊடை மட்டும் சேலையாகாது. முதியோர் கைத்திறனும் இளையோர் கல்வியும் கோர்வைபோல் இணையுமாயின், இல்லமும் ஊரும் ஒருங்கே உயரும்.