லண்டனைப் பார்க்கட்டும், திண்டுக்கல்லைப் பேசட்டும்

கேள்வி:

வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் இங்கிலீஷில் மார்க் வருகிறது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வரி பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். திண்டுக்கல் டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் குறும்படம் போட்டுக் காட்டி, லண்டனில் உள்ள இடங்களையும் பிரிட்டிஷ்காரர்களின் பண்டிகைகளையும் வைத்துப் பாடம் நடத்துகிறார்களாம். ஆறே மாதத்தில் வெள்ளைக்காரர் மாதிரி பேசவைத்துவிடுவோம் என்கிறார்கள். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. வட்டிக்கு வாங்கியாவது சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன், எனக்கு இங்கிலீஷ் பேச வராது. வீட்டில் ஒரே ஒரு செல்போன்தான். படம் பார்த்தால் நிஜமாகவே இங்கிலீஷ் வருமா? லண்டனைப் பற்றித் தெரிந்து என் பிள்ளைகளுக்கு என்ன ஆகப்போகிறது?

- ஒரு தாய், வேடசந்தூர் வட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வட்டிக்கு வாங்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

படம் காட்டி மொழி சொல்லிக்கொடுப்பது நல்ல வழிதான். ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவள் நான். அந்த வழியில் எனக்கு நம்பிக்கை உண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு வார்த்தை வந்தால் அதற்குத் தமிழில் என்ன என்று பிள்ளை தேட வேண்டியிருக்கிறது. படத்தில் பொருள் கண்ணெதிரே நடக்கிறது, அடுத்து என்ன என்ற ஆவலும் கூடவே வருகிறது. ஆனால் பார்ப்பது வேறு, பேசுவது வேறு. படம் பேச்சுக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். பிள்ளை பேசுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.

இதை ஒரு பழைய ஆய்வு நன்றாகக் காட்டியது. 2003-ல் அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசியவர்களிடம் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அது வரவில்லை. உங்கள் பிள்ளைகள் கைக்குழந்தைகள் இல்லை, திரையிலிருந்தும் அவர்களால் எடுத்துக்கொள்ள முடியும். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஆளுக்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. அந்த ஆளுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று நீங்கள் தமிழில் கேளுங்கள், மகள் ஆங்கிலத்தில் சொல்லட்டும். அம்மாவுக்குத் தெரியாததைத் தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற பெருமிதம் இருக்கிறதே, அது பிள்ளையின் நாக்கை நன்றாகவே அவிழ்க்கும்.

எந்தப் படம் என்று கேட்பீர்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டம் 2022-ல் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட படம் சார்லி சாப்ளினின் 'தி கிட்', 1921-ல் வந்தது. பேசாத படத்தைக் கொண்டு எப்படி ஆங்கிலம் கற்பது என்று தோன்றலாம். பேசாத படம்தான் தொடக்கத்துக்கு மிகவும் தோது. படத்தில் யாரும் பேசாததால் அந்த இடத்தைப் பிள்ளைதான் நிரப்ப வேண்டும். நடுநடுவே திரையில் வரும் எழுத்து அட்டைகளும் சின்னச் சின்ன ஆங்கில வரிகள்தான். நிறுத்திவைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. சிறுவன் கல்லை விட்டெறிந்து ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுகிறான். சற்று நேரத்தில் முதுகில் கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு, ஒன்றும் அறியாதவர் மாதிரி சாப்ளின் அந்தப் பக்கம் வருகிறார். உடைந்த ஜன்னலை மாட்டிக்கொடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறார். அடுத்த ஜன்னலுக்குச் சிறுவன் கையை ஓங்கும்போது, பின்னால் நிற்கும் போலீஸ்காரர் மேலேயே கை இடிக்கிறது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இந்தத் துண்டை மட்டும் போட்டுக் காட்டினேன். வகுப்பில் வாயே திறக்காதவன் என்று ஆசிரியர் சொன்ன ஒரு பையன் எழுந்து, 'பாய் த்ரோ ஸ்டோன். கிளாஸ் பிரேக். பாய் ரன். போலீஸ் கம்!' என்றான். இலக்கணப்படி நாலு வாக்கியமும் தப்பு. ஆனால் முழுக்கதையும் அதில் இருந்தது, வரிசை மாறாமல் இருந்தது. அந்த ஆசிரியர் அவனை நிறுத்தித் திருத்தவில்லை. 'எஸ், த பாய் த்ரூ எ ஸ்டோன்' என்று சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டார். மறுமுறை சொல்லும்போது அவன் தானாகவே 'த்ரூ' என்றான். இப்படித்தான் வரும் தங்கச்சி. மகளிடம் இந்தக் காட்சியை மட்டும் ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாள் நடந்ததைச் சொல்லட்டும். மறுநாள் தானே அந்தப் போலீஸ்காரராக இருந்து சொல்லட்டும். இன்னொரு நாள், கண்ணாடி உடைந்த வீட்டுக்காரம்மா என்ன பேசியிருப்பார் என்று தம்பியிடம் நடித்துக் காட்டட்டும்.

மகனுக்கு வேறு படம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் இருக்கும் ஆர்ட்மேன் நிறுவனம் 2007 முதல் 'ஷான் த ஷீப்' என்று களிமண் பொம்மைகளை வைத்துச் சின்னச் சின்னப் படங்கள் எடுக்கிறது. ஒவ்வொன்றும் ஏழு நிமிஷம்தான். செம்மறிகள், ஒரு காவல் நாய், ஒரு பண்ணைக்காரர், பேச்சே கிடையாது. வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச்சந்தைக்கு வரும் ஆட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பண்ணையில் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சுள்ள படத்துக்குப் பிறகு போகலாம். அப்போது அடியில் வரும் எழுத்தைத் தமிழில் வைக்காதீர்கள், ஆங்கிலத்திலேயே வையுங்கள். தமிழில் இருந்தால் கண் தமிழை மட்டும் படித்துக்கொண்டு போய்விடும், காதில் எதுவும் ஏறாது. பேசும் மொழியிலேயே எழுத்தும் ஓடினால் படிக்கும் திறன் வளரும் என்பதை அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி 1996-லிருந்து சொல்லிவருகிறார். தொலைக்காட்சி சினிமாப் பாட்டுகளுக்கு அடியில் அதே மொழியில் வரிகளை ஓடவிட்டே அதை அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

இனி, லண்டனைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். பிக் பென் எவ்வளவு உயரம், டவர் பிரிட்ஜ் எந்த ஆண்டு திறந்தது என்று மனப்பாடம் செய்வதால் ஒன்றும் ஆகாது. அது பொது அறிவு வினாவிடை, ஆங்கிலம் இல்லை. ஆனால் லண்டனில் ஒரு பொருள் இருக்கிறது. திண்டுக்கல் பிள்ளைகள் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்பேன். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்புவின் புலி என்று ஒரு மரப் பொம்மை. ஒரு வெள்ளைக்காரர் கீழே கிடக்கிறார், புலி அவர் மேலே நிற்கிறது. பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் அவர் கை தூக்கி அலறுவார், புலி உறுமும். உள்ளே காற்றுத் துருத்தி வைத்துச் செய்திருக்கிறார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துக்கொண்டு போனது. அது உறுமுவதைச் சின்னக் காணொளிகளில் கேட்கலாம்.

அந்தத் திப்புவின் தந்தை ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராக வந்தவர். நம் மலைக்கோட்டையில் இருந்துதான் அவர் வளர்ந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமானது பேகம்பூரில். 1792-ல் திப்பு கையெழுத்திட்ட உடன்படிக்கையில் திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கைக்குப் போனது. லண்டனில் இருக்கும் அந்தப் புலியிலிருந்து தொடங்கி பஸ்ஸில் போய் இறங்கும் மலைக்கோட்டை வரைக்கும் ஒரே கதை. இதை உங்கள் மகள் பத்து வரி ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுக்கொண்டால், கொடைக்கானல் போகும் வழியில் கோட்டையைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரரிடம் நிமிர்ந்து நின்று சொல்லலாம். கேட்பவருக்கும் அது புதிய செய்தியாக இருக்கும். பிக் பென்னைப் பற்றி அவரிடம் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

பண்டிகை விஷயமும் இப்படித்தான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாளை பிரிட்டனில் பேன்கேக் நாள் என்பார்கள். நோன்புக்கு முன் வீட்டில் உள்ள முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துவிட மாவில் கலந்து கல்லில் ஊற்றித் தின்பது வழக்கம். ஓல்னி என்ற ஊரில் பெண்கள் வாணலியில் பேன்கேக்கைத் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டே ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. 1445-லிருந்து நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். காணொளியைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துப் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் அடுப்படிக்கு வாருங்கள். நீங்கள் தோசை சுடச் சுட, ஊற்றுவது, தேய்ப்பது, திருப்பிப்போடுவது, எடுப்பது என்று ஒவ்வொன்றையும் மகன் ஆங்கிலத்தில் சொல்லட்டும். மே மாதத்தில் கம்பத்தைச் சுற்றி ரிப்பன் பின்னி ஆடும் மேபோல் ஆட்டத்தைப் பார்த்தால், இது நம்ம பின்னல் கோலாட்டம் ஆச்சே என்று உங்கள் மகளே சொல்வாள். அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். 1605 நவம்பர் 5-ல் லண்டன் பாராளுமன்றத்தின் அடியில் வெடிமருந்தோடு ஒருவர் பிடிபட்டார். அந்த நாளில் இன்றும் அங்கே சொக்கப்பனை கொளுத்தி வாணம் விடுகிறார்கள். நம் மலைக்கோட்டையை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டியதாகச் சொல்லும் ஆண்டும் 1605. அங்கேயும் வெடிமருந்து வைத்த அறைகள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச ஒரு பிள்ளைக்கு எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு ஒரு படம் சொல்கிறேன். 'த ஸ்னோமேன்', 1982-ல் வந்தது, அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு பாட்டைத் தவிர அதிலும் பேச்சில்லை. பிரிட்டனில் கிறிஸ்துமஸ் என்றால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். பனிமனிதனோடு சிறுவன் பறந்துபோகும்போது கீழே பிரைட்டன் ஊரின் அரண்மனை தெரியும். இந்தியப் பாணியில் குமிழ் குமிழாகக் கும்மட்டம் வைத்துக் கட்டியது. அந்த இடத்தில் நிறுத்தி, 'இது மாதிரி எங்கே பார்த்திருக்கே?' என்று கேளுங்கள்.

வெள்ளைக்காரர் மாதிரி பேசவைப்போம் என்ற பேச்சை நம்பாதீர்கள். பிரிட்டனிலேயே ஊருக்கு ஊர் உச்சரிப்பு வேறு. எதிரே இருப்பவருக்குப் புரியும்படி, தயங்காமல் பேசினால் போதும். திண்டுக்கல்காரி பேசும் ஆங்கிலத்தில் திண்டுக்கல் வாடை இருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

அந்த மையத்தைப் பற்றி இன்னும் யோசனை இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். விளக்கை அணைத்துப் படத்தை ஓடவிட்டு, முடிந்ததும் அர்த்தம் எழுதிப்போடுகிறார்களா, அல்லது படத்தை நிறுத்தி நிறுத்திப் பிள்ளைகளைப் பேசவிடுகிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய் திறக்க வாய்ப்பு வந்தால் நல்ல இடம்தான்; கையில் காசு சேர்ந்தபின் சேர்க்கலாம். உட்கார அனுமதி இல்லை என்றால் வந்துவிடுங்கள்.

ஒரே செல்போன் என்பதும் குறையில்லை, மூவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். படத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டு இணையத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும், பத்து நிமிஷம் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஷிப்ட் முடிந்து களைத்து வரும் நாளில் விட்டுவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள், பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். ஏழு நிமிஷம் படம் பார்த்தால் ஏழு நிமிஷமாவது அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை மட்டும் விடாதீர்கள்.

'தி கிட்' ஜன்னல் காட்சியிலிருந்து தொடங்குங்கள். மகள் அதை ஐந்து வரியில் ஆங்கிலத்தில் எழுதி, தப்பு இருந்தாலும் யாரும் திருத்தாமல், தன் கையெழுத்திலேயே எனக்கு அனுப்பட்டும். நானும் அவளுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறேன்.