கூட்டம் சேராத குன்றுகள்

விடுமுறை நெருங்கினால் மாணவரிடையே எழும் முதற் கேள்வி, "எங்கே போகலாம்?" என்பதே. விடையும் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கும்: உதகை, கொடைக்கானல், குடகு. சற்றுப் பொருள் வளமுடைய நண்பர் சிலர் சுவிட்சர்லாந்து என்றும் ஆல்ப்ஸ் மலை என்றும் கனவு காண்பர். கனவு காண்பதில் தவறில்லை. ஆனால் அங்கே சென்று சேர்ந்தபின் காணப் போவது மலையையா, முன்னே செல்வோரின் முதுகையா என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான் மண்டி மொஹல்லாவில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பவன். மண்டி என்ற சொல் நமக்குப் புதிதன்று. மொஹல்லா என்பது குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் உருதுச் சொல். பெயருக்கேற்பக் கடையும் வீடும் நெருங்கி நிற்கும் இடம் அது. விடியுமுன் சரக்கு இறக்கும் ஒலி எழும். இரவு நெடுநேரம் வரை வண்டிகளின் இரைச்சல் ஓயாது. இத்தகைய இடத்தில் வாழ்பவனுக்கு மனித ஓசையற்ற ஒரு நாள் எத்துணை அரியது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அந்த அமைதியை நாடி நானும் நண்பர்களும் சில ஆண்டுகளாகக் குன்றுகளைத் தேடிச் சென்று வருகிறோம். அதனால் அறிந்த உண்மை ஒன்று. கூட்டமில்லாத இடம் எது என்று தேடுமுன், அத்தகைய இடத்திற்குச் செல்லத் தக்கவராக நாம் ஆகியிருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டம் இருக்குமிடத்தில் வழி காட்டப் பலர் இருப்பர். விழுந்தால் தூக்கவும் கைகள் இருக்கும். தனிமலையில் நம் அறிவே வழி. நம் நிதானமே துணை.

கூட்டம் செய்யும் கேடு

ஐரோப்பாவின் புகழ் பெற்ற மலைகளுள் ஒன்று மோன் பிளாங். பிரெஞ்சு நாட்டுப் பக்கத்தில் வழக்கமாக ஏறும் வழியில் நெரிசல் மிகுந்தமையால், வழியிலுள்ள தங்குமிடத்தில் முன்பதிவு செய்யாதவர் ஏறலாகாது என்று 2019ஆம் ஆண்டில் அரசினர் ஆணையிட நேர்ந்தது. உறைபனி மூடிய சிகரத்திற்கே இந்த நிலை!

நம் அருகிலும் இதுவே கதை. குடகு, தென் கன்னட மாவட்டங்களின் எல்லையில் நிற்பது 1,712 மீட்டர் உயரமுள்ள குமார பர்வதம். 2024ஆம் ஆண்டு குடியரசு நாளை ஒட்டிய விடுமுறையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அங்கே திரண்டனர். திருவிழாக் கூட்டம்போல் மலைவழி நிறைந்த காட்சி நாடெங்கும் பரவியது. உடனே கருநாடக வனத்துறை, இணையவழி முன்பதிவு இல்லாத மலைவழிகளை எல்லாம் மூடிற்று. பின்னர், அதே ஆண்டு அக்டோபரில், ஒரு வழிக்கு ஒரு நாளில் 300 பேருக்கு மேல் இல்லை என்ற வரம்புடன் வழிகளைத் திறந்தது. காட்டின் அமைதியை நாடிச் சென்றவர்களே அதனைக் குலைத்தனர். அவர்கள் பொருட்டுப் பிறருக்கும் சிறிது காலம் கதவு அடைபட்டது.

ஐரோப்பா கற்பிக்கும் மூன்று பாடங்கள்

ஐரோப்பாவில் கூட்டம் குறைந்த மலைநாடுகளும் உண்டு. அல்பேனியா, கொசோவோ, மாண்டினீக்ரோ என்னும் மூன்று நாடுகளின் மலைகளைச் சுற்றி 192 கிலோமீட்டர் நீளமுள்ள நடைவழி ஒன்று செல்கிறது. எல்லைகள் அடைபட்டுக் கிடந்த நாட்டு மக்கள், இன்று அதே எல்லைகளைத் தாண்டி நடந்து வருவோரை வரவேற்கிறார்கள். மலைச்சிற்றூர்க் குடும்பங்கள் தம் வீடுகளிலேயே இடம் தந்து உணவும் அளிக்கின்றன. வழிப்போக்கர் தரும் பொருள் ஊருக்குள்ளேயே தங்குகிறது. இது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் சுலோவீனியாவினுடையது. அந்நாட்டின் உயர்ந்த சிகரம் திரிக்லாவ். உயரம் 2,864 மீட்டர். நாடு சிறிதாயினும் மலைவழிகள் மிகப் பல. அவ்வழிகளில் பாறைமீதும் மரத்தின்மீதும் ஓர் அடையாளம் தீட்டப்பட்டிருக்கும்: சிவப்பு வட்டம், அதன் நடுவே வெண்புள்ளி. அலோய்ஸ் கிநாபெல்ட்ஸ் என்பவர் 1922ஆம் ஆண்டில் வகுத்த முறை அது. ஒரு சிறு வட்டம் எத்தனை உயிர்களை வழிதவறாமற் காத்திருக்கும்!

மூன்றாவது பாடம் நார்வேயினுடையது. பயிர் செய்யப்படாத நிலத்தில் எவரும் நடக்கலாம் என்ற பழைய வழக்கத்தை அந்நாடு 1957ஆம் ஆண்டில் சட்டமாக்கியது. உரிமையோடு கடமையையும் சேர்த்தே எழுதினர். கூடாரம் அடிப்போர் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டருக்குக் குறையாமல் விலகியிருத்தல் வேண்டும்; நிலத்திற்கு ஊறு செய்யலாகாது.

ஊராருக்குப் பயன், வழிக்கு அடையாளம், உரிமைக்கு எல்லை. இம்மூன்றும் அமைந்தால் மலைநடை நெடுங்காலம் நிலைக்கும்.

நம் முன்னோர் தந்த வழிகாட்டி

இவை எல்லாம் மேனாட்டாரிடமே கற்க வேண்டியவை என்று கருதிவிட வேண்டா. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல், நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு மலைவழி கூறும் ஆற்றுப்படை. மலையின் அழகைப் பாடுவதோடு புலவர் நின்றுவிடவில்லை. இடர்களையும் ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு; ஆகவே விடிந்தபின் செல்லுங்கள் என்கிறார். பாம்பு உறையும் பள்ளங்களைப் பார்த்து நடக்கச் சொல்கிறார். தினைப்புனம் காப்போர் கவணில் எறியும் கற்களுக்கு மரத்தின் மறைவில் ஒதுங்கச் சொல்கிறார். வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிச் செல்லவும், இருட்டினால் குகையில் தங்கவும் சொல்கிறார். வழிகள் பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் அறியும்படி புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்றும் கூறுகிறார்.

சுலோவீனியாவின் சிவப்பு வட்டத்தையும் தமிழ்ப் புலவர் கூறிய புல்முடியையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். பின்வரும் ஒருவனை, முகமறியாத ஒருவனை, மனத்திற் கொண்டு நடப்பவனே மலைநடைக்கு உரியவன் என்பதை இரண்டும் உரைக்கின்றன.

மைசூரைச் சூழ்ந்த குன்றுகள்

மைசூரில் வாழும் நமக்குக் குன்றுகளுக்குக் குறைவில்லை. சாமுண்டி மலையின் படிகளில் ஏறாத மாணவர் அரியர். ஆனால் அதற்கு அப்பாலும் பல உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கருங்கற் குன்றுகள். இராமநகரம் முதல் வடக்கே பல நூறு கிலோமீட்டர் நீளும் பாறைத்தொடர் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பர் நிலநூலார். இமயம் எழத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே, உயரத்திற் சிறியவாயினும் வயதில் நம் குன்றுகள் இமயத்திற்கு மிக மூத்தவை.

முதலில் குந்தி பெட்டா. பெட்டா என்றால் கன்னடத்தில் மலை. மைசூரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், பாண்டவபுரத்தருகே உள்ளது. பாண்டவர் குந்தியோடு இங்கே தங்கினர் என்பது ஊர்க்கதை. ஐதர், திப்பு காலத்துப் பிரெஞ்சுப் படையினர் இங்கே பாளையமிட்டிருந்தமையால், ஆங்கிலேயர் இவ்விடத்தைப் பிரெஞ்சுப் பாறைகள் என்றே அழைத்தனர்.

சென்ற தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் ஐவர் அங்கே சென்றோம். வார இறுதியில் ஆட்கள் வருவதுண்டு; அன்று எங்களைத் தவிர ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரே இருந்தார். "அஜ்ஜா, தாரி எல்லி?" என்று எங்களுக்குத் தெரிந்த கன்னடத்தில் வழி கேட்டோம். அவர் கோலை நீட்டிப் பாறையில் மேலிருந்து கீழாக ஓடிய கருங்கோடுகளைக் காட்டினார். மழைநீர் வழியும் தடம் அது; அங்கே பாசி படிந்திருக்கும்; காய்ந்த நாளிலும் காலை பார்த்து வை; நனைந்த நாளில் வைக்கவே வைக்காதே என்றார். எந்தப் புத்தகமும் அதனை அவ்வளவு தெளிவாக எங்களுக்குச் சொன்னதில்லை. உச்சியில் நின்று பார்த்தால் கரும்பு வயல்களும் தொண்ணூர் ஏரியும் தெரியும். காற்றின் ஒலியன்றி வேறொலி இல்லை.

இரண்டாவது மேல்கோட்டை. இராமானுசர் பல்லாண்டு தங்கிய திருநாராயணபுரம் இதுவே. ஆதலின் தமிழர்க்கு இது அயலூர் அன்று. வைரமுடித் திருவிழாவின்போது ஊர் நிரம்பி வழியும். மற்ற நாட்களில் யோகநரசிம்மர் குன்றைச் சூழ்ந்த பாறைகள் அமைதியாக இருக்கும். அருகிலுள்ள காடு, ஓநாய்களைக் காக்கும் பொருட்டு 1974ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. அதற்குள் வனத்துறையின் இசைவின்றி அடி வைத்தல் கூடாது.

மூன்றாவது மதுகிரி. துமகூரு மாவட்டத்தில், ஒரே பெரும் பாறையின்மீது எழுந்த கோட்டை. உயரம் ஏறத்தாழ 1,190 மீட்டர். கல்லிற் செதுக்கிய படிகளில் ஏறிச் செல்லுதல் தொடைக்கும் துணிவுக்கும் ஒருங்கே தேர்வாகும். இது ஒரு பகலில் மைசூரிலிருந்து சென்று மீளும் தொலைவன்று. முதலிரண்டில் பழகிய பின்னரே இதனை எண்ணுக.

கற்க வேண்டியவை

பாறையேறுவோர் முதலில் அறிய வேண்டுவது, ஏறுவதிலும் இறங்குவதே கடினம் என்பது. ஏறும்போது கண் பிடிமானத்தைக் காண்கிறது. இறங்கும்போது கால்தான் தேட வேண்டும். இறங்க இயலுமா என்று தெரியாத இடத்தில் ஏறலாகாது. இரு கை, இரு கால் என்னும் நான்கில் மூன்று எப்பொழுதும் பாறையில் ஊன்றியிருக்க, ஒன்றையே நகர்த்த வேண்டும். கருங்கல் வெங்காயம்போல் ஏடு ஏடாக உரியும் இயல்புடையது. தட்டினால் வெற்றொலி எழும் ஏட்டை நம்பிப் பிடிக்கலாகாது. செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும். அதனருகே புகையும் கூச்சலும் ஆகா. சிறுத்தையும் கரடியும் உலவும் பகுதிகள் உண்டு. ஆதலால் விடிந்தபின் ஏறிப் பொழுது சாயுமுன் இறங்குக. சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் இடிமழை வரும். மொட்டைப் பாறை உச்சியில் மின்னல் அஞ்சத்தக்கது. ஆளுக்கு மூன்று லிட்டர் நீர், ஓர் ஊதல், ஒரு கைவிளக்கு ஆகியவை வேண்டும். எங்கே செல்கிறோம், எப்போது மீள்வோம் என்பதை விடுதியில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுதல் எல்லாவற்றினும் முதன்மையானது.

காலமறிதலும் கல்வியே. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது; 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புற்சரிவில் தீ, மனிதன் ஓடுவதினும் விரைந்து மேலேறும். தமிழ்நாட்டு அரசு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 40 மலைவழிகளை வழிகாட்டியரோடு முறைப்படுத்தித் திறந்தது; தீப்பருவம் வந்ததும் அடுத்த பிப்ரவரியில் அவற்றை மூடியது. அவ்வாறு மூடிய வழியில் கள்ளத்தனமாக நுழைவது துணிவன்று, அறியாமை.

முறையாகப் பயில விழைவோர்க்கு இடங்கள் உள்ளன. டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட்டில் ஏறியது 1953ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டே டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தோன்றியது. கருநாடகத்திலும் ஜெனரல் திம்மையா பெயரால் அரசின் சாகசப் பயிற்சி நிலையம் உண்டு.

குன்றுக்கு வேண்டுவோர்

ஒன்று கூறி முடிக்கிறேன். யாரும் வாராத குன்றுக்குக் கூட்டத்தால் கேடில்லை. ஆனால் வெடிமருந்தால் உண்டு. பாண்டவபுரப் பக்கத்துக் குன்றுகளிற் கல்லுடைக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு அதனால் ஊறு நேருமோ என்ற அச்சம் எழுந்து, அணையைச் சுற்றி 20 கிலோமீட்டர் எல்லைக்குள் அத்தொழிலுக்கு 2024ஆம் ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அணைக்காகக் குரல் எழுப்பப் பலர் இருந்தனர். அணையருகே நில்லாத குன்றுகளுக்கு யார் இருக்கிறார்கள்? 250 கோடி ஆண்டு நின்ற பாறை, ஒரு சில ஆண்டுகளில் சாலைக்குச் சல்லியாகிவிடும்.

ஆயிரம் பேர் மிதித்தாலும் மலை தேயும். ஒருவரும் அறியாவிட்டாலும் மலை மறையும். இரண்டிற்கும் நடுவே, அறிந்து அடக்கமாகச் சென்று மீளும் ஐந்தாறு பேர் ஒவ்வொரு குன்றுக்கும் வேண்டும். வரும் பருவத்தில் நம் சங்கத்திலிருந்து சிறு சிறு குழுக்கள் அவ்வாறு புறப்படுமாயின், ஊராரிடம் வழி கேட்டு, பாறையில் பெயர் கீறாது, கொண்டு சென்ற காகிதத்தைத் திருப்பிக் கொண்டு வருமாயின், அதனினும் நல்ல விடுமுறை வேறில்லை. வழி பிரியும் இடத்தில் ஒரு புல்லை முடிந்து வைக்கவும் மறவாதீர்கள், தோழர்களே.