கல்யாண ஆல்பத்துக்கு எந்த சிஸ்டம்?

செம்பரம்பாக்கம், பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் கேமரா வாங்கிய இளைஞர்கள் முகூர்த்த நாளில் மண்டபத்தில் நிற்கிறார்கள். மற்ற நாளில் ஏரிக்கரையில் பறவை எடுக்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, விண்டோஸா மேக்கா?” அதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். உங்கள் படம் யார் கைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள்.

ஆல்பம் அடிக்கும் லேபுக்கு போன் போடுங்கள். எந்த வகைக் கோப்பு, எந்த கலர் புரொஃபைல், என்ன அளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கல்யாண ஆல்பம் பெரும்பாலும் பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டில்தான் ஓடுகிறது. டிசைனர் அனுப்பும் அந்தக் கோப்பை லேயர் கலையாமல் திறக்க போட்டோஷாப் வேண்டும். அது விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். லினக்ஸுக்கு அடோபி தரவில்லை. கிம்ப் என்ற மென்பொருள் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது, பி.எஸ்.டி.யையும் திறக்கும். ஆனால் டெம்ப்ளேட்டில் உள்ள ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் போன்றவை அப்படியே வந்து சேரும் என்று நம்பி வேலை எடுக்க முடியாது.

அடுத்து, மணமக்கள் பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘செல்வி’யின் கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் நிற்கும். பல ஸ்டூடியோக்கள் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களையே வைத்திருக்கின்றன. அவற்றுக்கான தட்டச்சு மென்பொருள்களில் பல விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. மேக் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிட வேண்டும்.

ஏரிப் பறவை மட்டும்தான், யாருக்கும் ஆல்பம் தர வேண்டியதில்லை என்றால் கதை வேறு. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் மூன்று தளங்களிலும் ஓடும். ரா கோப்புகளை நன்றாகவே கையாளும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய சிஸ்டத்தைத் தள்ளிவிடாமல் உபுண்டு லினக்ஸ் போட்டு டார்க்டேபிள் ஏற்றிப் பாருங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அடோபியின் லைட்ரூமில் செய்த திருத்தங்கள் டார்க்டேபிளுக்கு முழுதாக வராது. மென்பொருளே நின்றுபோவதும் உண்டு: ஆப்பிள் நிறுவனமே தன் அபெர்ச்சர் என்ற போட்டோ மென்பொருளைக் கைவிடுவதாக 2014-ல் அறிவித்தது. அதில் பல வருட வேலையைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். எதில் வேலை செய்தாலும், முடிந்த படங்களை ஜேபெக் அல்லது டிஃப் கோப்பாகத் தனியே சேமித்துவிடுங்கள்.

மென்பொருள் முடிவானதும் மெஷின். 24 மெகாபிக்சல் படம் ஒன்றை 16 பிட்டில் திறந்தால், ஒரு லேயரே ஏறக்குறைய 140 எம்.பி. பிடிக்கும். பத்து லேயரோடு போட்டோஷாப்பும் சிஸ்டமும் பிடிக்கும் இடம் சேர்ந்தால் 8 ஜி.பி. ரேம் மூச்சுத் திணறும். 16 குறைந்தபட்சம், ஆல்பம் வேலைக்கு 32 வையுங்கள். விண்டோஸ் டெஸ்க்டாப்பில் இன்று 16 வாங்கி, சீசன் முடிந்து காசு வந்ததும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னொரு 16 மாட்டிக்கொள்ளலாம். 2020-ல் எம்1 சிப்போடு வந்ததிலிருந்து மேக்புக்குகள் வேகமானவை, பேட்டரி நீடிப்பவை. ஆனால் வாங்கும்போது எடுத்த ரேம்தான் கடைசி வரை. ஊர் ஊராகப் போய் மண்டபத்திலேயே படம் தேர்ந்தெடுப்பவருக்கு அது ஏற்றது. வீட்டில் உட்கார்ந்து ஆல்பம் செய்பவருக்கு நான் சொல்வது விண்டோஸ் டெஸ்க்டாப், கூடவே ஒரு யு.பி.எஸ்.

பிராசஸரில் மிச்சம் பிடித்து மானிட்டரில் போடுங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களை முழுதாகக் காட்டும் ஐ.பி.எஸ். திரை வேண்டும். அதன் பிரைட்னஸை உச்சத்தில் வைத்து வேலை செய்தால், திரையில் பளிச்சென்ற அரக்குப் பட்டு பிரிண்டில் கறுத்து வரும். லேபில் ஒரு சோதனைப் பிரிண்ட் எடுத்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்துவரும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். காலிபிரேட்டர் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவின் ரா கோப்புகளை எடுத்துச் சென்று அங்கேயே திறந்து பாருங்கள். கடைக்காரர் போட்டுத் தரும் போட்டோஷாப்பின் பழைய திருட்டுப் பதிப்பு, புது மாடல் கேமராவின் ரா கோப்பைத் திறக்காது.

கடைசியாக பேக்கப். வெளி ஹார்டு டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் மூன்று தளங்களிலும் எழுதவும் படிக்கவும் முடியும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது அடையாற்றங்கரை வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது நினைவிருக்கும். ஒரு டிஸ்கை மாடியில் வையுங்கள், இன்னொன்றை வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆல்பத்தைப் பார்த்துக் கல்யாண வீட்டார் சரி என்று சொல்லும் வரை கார்டை அழிக்காதீர்கள்.