இலவச மருத்துவத்துக்குப் பணம் கட்டுவது யார்?

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் நமக்கு இரண்டு கவலைகள் வருகின்றன. உயிர் பிழைக்க வேண்டுமே என்பது ஒன்று. செலவுக்கு என்ன செய்வது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கவலையை மக்களிடமிருந்து நீக்க பிரிட்டன் ஓர் ஏற்பாடு செய்தது. அதன் நிறை குறைகளை நாமும் அறிந்துகொள்வது நல்லது.

1948 ஜூலை 5 அன்று அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் அனைரின் பெவன். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர். சிகிச்சை பெறும் இடத்தில் நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது என்பதே இத்திட்டத்தின் அடிப்படை.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி பொது வரியிலிருந்து வருகிறது. ஊழியர்களும் முதலாளிகளும் கட்டும் தேசியக் காப்பீட்டுத் தொகையிலிருந்தும் ஒரு பங்கு சேர்கிறது. மக்கள் வருமானத்துக்கு ஏற்பக் கட்டுகிறார்கள். தேவைக்கு ஏற்பச் சிகிச்சை பெறுகிறார்கள். நோயாளி என்பதற்காக யாரும் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் எல்லாமே இலவசம் அல்ல. 1951-இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வந்தது. அதை எதிர்த்துப் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். இன்றும் இங்கிலாந்தில் வேலை செய்யும் வயதினர் பலர் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அது இல்லை.

இந்த ஏற்பாட்டின் பெரிய குறை காத்திருப்பு. மருத்துவர் பரிந்துரைத்த 18 வாரங்களுக்குள், நூற்றுக்கு 92 பேருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. 2016-க்குப் பிறகு அது நிறைவேறவே இல்லை. 2023 செப்டம்பரில் சுமார் 77 லட்சம் சிகிச்சைகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தன.

ஏன் இப்படி? ஆயிரம் பேருக்குச் சுமார் இரண்டரைப் படுக்கைகளே அங்கு உள்ளன. ஜெர்மனியில் ஏழுக்கும் மேல். இன்னொரு காரணமும் உண்டு. குணமான முதியவரை வீட்டில் கவனிக்க ஆள் கிடைக்காவிட்டால் அவர் மருத்துவமனையிலேயே தங்க நேர்கிறது. படுக்கை காலியாகாததால் அவசரப் பிரிவில் நெரிசல் ஏற்பட்டு, வாசலில் ஆம்புலன்ஸ்கள் நிற்கின்றன. முதியோர் பராமரிப்போ உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. வசதி பார்த்து அதற்குக் கட்டணமும் உண்டு. இப்படி ஓரிடத்தில் மிச்சம் பிடித்த பணம் வேறோரிடத்தில் செலவாகிறது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? பணம் இல்லாததால் நோயாளி திரும்பிப் போகாமல் இருந்தால் அது பாதி வெற்றி. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால்தான் மீதிப் பாதி. ஆகவே சுகாதாரத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்று செய்தி வந்தால், தொகையோடு நின்றுவிடாமல் மூன்று கேள்விகளைக் கேட்போம்: இதை யார் கட்டுகிறார்கள்? சிகிச்சைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? வீடு திரும்பியவரைக் கவனிப்பது யார்?