வேகத்தைக் கடைசியில் கூட்டு

அன்புள்ள கண்ணு,

கணபதியில் ஒரு ஜாப் ஆர்டர் கம்பெனியில் சிஎன்சி லேத்துக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். "ஸ்பீடு எவ்வளவு வைக்கறதுன்னுதான் பெரியப்பா பிடிபடலை" என்று போனில் கேட்டாயே, அது இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை.

ஆர்பிஎம் வேறு, கட்டிங் ஸ்பீடு வேறு. டூல் முனையைத் தாண்டி உலோகம் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதே கட்டிங் ஸ்பீடு. அதை ஆயிரத்தால் பெருக்கி, மில்லியில் உள்ள விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஆர்பிஎம் கிடைக்கும். இஎன்8 ஷாஃப்டை கார்பைடு இன்சர்ட்டில் 180 மீட்டரில் ஓட்டினால், 50 மில்லி விட்டத்துக்குச் சுமார் 1,150 ஆர்பிஎம். 25 மில்லிக்கு 2,300. ஹெச்எஸ்எஸ் டூல் என்றால் 30 மீட்டரே அதிகம். "1,200 வை" என்று யாராவது சொன்னால், எந்த விட்டத்துக்கு, எந்த டூலுக்கு என்று கேள்.

கட்டிங் ஸ்பீடை மாறாமல் வைக்க ஜி96 போட்டால், விட்டம் குறையக் குறைய மெஷினே ஆர்பிஎம்மை ஏற்றும். ஃபேசிங்கில் முனை நடுவை நெருங்கும்போது அது எகிறும். சுற்று கூடக் கூட சக்கின் பிடியும் தளரும். அதனால் ஜி50-இல் உச்ச வரம்பு கொடுக்காமல் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதே. த்ரெடிங்குக்கும் டிரில்லுக்கும் ஆர்பிஎம்மை மாறாமல் வைக்கும் ஜி97தான்.

ஆரம்ப ஸ்பீடை எங்கும் தேட வேண்டாம். இன்சர்ட் டப்பாவிலேயே ஸ்பீடு, ஃபீடு, வெட்டு ஆழம் மூன்றுக்கும் வரம்பு இருக்கும். நடுவுக்குக் கொஞ்சம் கீழே தொடங்கு. சைக்கிள் டைம் குறைய வேண்டுமென்றால் முதலில் ஆழத்தைக் கூட்டு, அடுத்து ஃபீடை, கடைசியில்தான் ஸ்பீடை. காரணம் உண்டு. டெய்லர் என்ற அமெரிக்க எஞ்சினியர் பல ஆண்டுகள் உலோகத்தை வெட்டிப் பார்த்து, 1906-இல் ஒரு சூத்திரம் சொன்னார். அதன்படி கார்பைடில் ஸ்பீடை 20 சதவீதம் கூட்டினால் முனையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபீடையும் ஆழத்தையும் கூட்டினால் அத்தனை சேதமில்லை. மெஷினின் பவரும் ஜாப்பின் பிடிப்பும் தாங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

அதற்காக ஸ்பீடை ரொம்பக் குறைப்பது பத்திரம் என்று நினைக்காதே. கார்பைடுக்குச் சூடு வேண்டும். மெதுவாக ஓட்டினால் உலோகம் முனையில் ஒட்டி, பிய்ந்து, விளிம்பையும் எடுத்துக்கொண்டு போகும். 304 ஸ்டெயின்லெஸில் ஃபீடைக் குறைத்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்த இடம் இறுகி, அடுத்த வெட்டில் முனையைத் தின்னும்.

ஃபினிஷ் சரியில்லை என்றதும் ஸ்பீடு ஓவர்ரைடைத் திருகுவது எல்லா ஷாப்பிலும் உள்ள பழக்கம். முனையில் உலோகம் ஒட்டவில்லையென்றால் ஃபீடைப் பார். 0.8 நோஸ் ரேடியஸில் ஃபீடு 0.2-லிருந்து 0.1 ஆனால், கணக்குப்படி மேடுபள்ளம் நாலில் ஒன்றாகும்.

வைத்த ஸ்பீடு சரியா என்று முனையைக் கழற்றி, லென்ஸில் பார். பக்கவாட்டில் சீராகத் தேய்ந்திருந்தால் சரி, அது 0.3 மில்லியைத் தொடும்போது முனையை மாற்று. மேலே குழி விழுந்திருந்தால் ஸ்பீடைக் குறை. உலோகம் ஒட்டியிருந்தால் கூட்டு. சில்லு பெயர்ந்திருந்தால் ஸ்பீடை விட்டுவிட்டு ஃபீடு, அதிர்வு, ஜாப் பிடிப்பு மூன்றையும் பார். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று; இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

முதலாளி வேகம் கேட்பார், கேட்கத்தான் செய்வார். ஒரு ஜாப்பில் ஐந்து விநாடி மிச்சம் பிடித்து, முனை மாற்ற மெஷினை அடிக்கடி நிறுத்தினால் மிஞ்சுவது என்ன என்று கணக்குப் போட்டுக் காட்டு. அடுத்து பேசும்போது என்ன ஸ்பீடில் ஓட்டுகிறாய் என்று கேட்க மாட்டேன். ஒரு முனைக்கு எத்தனை ஜாப் வருகிறது என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
பெரியப்பா