வெப்பம் எங்கே போகும்?

மருந்து மூலப்பொருள் ஆலைகளை வடிவமைக்கும் பணியைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, அந்தத் துறையில் நெடுங்காலமாக இருக்கும் கெமிக்கல் இன்ஜினியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: பி.டெக். கெமிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மருந்து ஆலை வடிவமைப்பில் தொழில்நுட்ப நிபுணர் என்பவர் என்ன வேலை செய்கிறார்?
– மாணவி, திருச்சி

பதில்: மாத்திரை அடிக்கும் ஆலை வேறு, மாத்திரைக்குள் இருக்கும் மருந்தையே வேதிவினையால் தயாரிக்கும் ஆலை வேறு. இரண்டாவதைத்தான் பல்க் டிரக் ஆலை, ஏ.பி.ஐ. ஆலை என்கிறோம். ஹைதராபாத்தைச் சுற்றியும், விசாகப்பட்டினத்தை அடுத்த பரவாடாவிலும் இவை நிறைய உண்டு.

ஆய்வகத்தில் வேதியியலர் ஒரு குடுவையில் மருந்தைச் செய்து காட்டிவிடுவார். அதையே 5,000 லிட்டர் ரியாக்டரில் நாள்தோறும் செய்வதற்கான கட்டடத்தையும் கருவிகளையும் தீர்மானிப்பது நம் வேலை. அமிலம் கையாள கண்ணாடிப் பூச்சுள்ள ரியாக்டரா, எஃகு போதுமா? சென்ட்ரிஃபியூஜா, மூடிய வடிகட்டி உலர்த்தியா? கரைப்பான் எந்தத் தளத்திலிருந்து எங்கே இறங்கும்? கழிவுநீர் எப்படிப் பிரியும்? இத்தனைக்கும் விடை கண்டு, பி அண்ட் ஐடி எனப்படும் வரைபடத்தில் ஒவ்வொரு வால்வையும் குறிக்க வேண்டும். ஆலை கட்டி முடித்த பிறகு ஒரு குழாயை மாற்றவே உற்பத்தியை நிறுத்த வேண்டியிருக்கும். தாளில் இருக்கும்போது அழித்து வரைந்துவிடலாம். அதனால் ஆலையின் பாதுகாப்பில் பெரும்பகுதி தாளிலேயே முடிவாகிவிடுகிறது.

கேள்வி: குடுவையில் சாதுவாக நடக்கும் வினை, ஆலைக்குப் போனதும் ஏன் கட்டுமீறுகிறது?
– ஆய்வக வேதியியலர், கடலூர்

பதில்: காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு லிட்டர் கலத்தை அதே வடிவத்தில் 5,000 லிட்டராக்கினால் நீள அகலங்கள் ஏறத்தாழ 17 மடங்கு ஆகும். வெப்பத்தை வெளியேற்றும் சுவரின் பரப்பு 290 மடங்குதான் கூடும். வெப்பத்தை உண்டாக்கும் கலவையோ 5,000 மடங்கு. ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர் பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஐஸ் தொட்டியில் வைத்ததும் குளிர்ந்த கலவை இங்கே அப்படிக் குளிராது.

2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரிஸ் ஆலை வெடித்து 4 பேர் இறந்தார்கள். அங்கே தயாரித்தது பெட்ரோலில் கலக்கும் சேர்மம், மருந்து அல்ல. ஆனால் நம் ஆலைகளில் இருப்பதைப் போன்றதே அந்த பேட்ச் ரியாக்டரும். ஒரு லிட்டர் கலத்தில் சோதித்த வினையைச் சுமார் 9,300 லிட்டர் ரியாக்டருக்குக் கொண்டுபோனார்கள். குளிரூட்டும் நீருக்கு மாற்று ஏற்பாடு இல்லை. சுமார் 199 டிகிரி செல்சியஸுக்கு மேல் இன்னொரு வினை தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அழுத்தத்தை வெளியேற்ற வைத்திருந்த வழி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இதை ஆராய்ந்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம், வினை அபாயங்களைக் கெமிக்கல் இன்ஜினியரிங் பாடத்திலேயே சேர்க்கச் சொன்னது.

ஆகவே எந்த வினை வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: மின்சாரம் போய்க் குளிரூட்டல் நின்றால், கலவை எந்த வெப்பநிலை வரை ஏறும்? அங்கே வேறு எது தொடங்கும்? ரியாக்‌ஷன் கலோரிமீட்டரில் அளந்த எண் கையில் இல்லாமல் ரியாக்டரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இன்னொன்றும் கவனியுங்கள். வினைப்பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது நல்ல முறை. ஆனால் பயந்துபோய் ரியாக்டரை மிகவும் குளிர வைத்தால், சேர்த்தது வினைபுரியாமல் உள்ளேயே தேங்கும்; பிறகு மொத்தமாகக் கிளம்பும். மிகக் குளிர்ந்த ரியாக்டரும் ஆபத்தானதுதான்.

கேள்வி: மருந்தின் தூய்மையும் தொழிலாளியின் பாதுகாப்பும் வடிவமைப்பில் மோதினால் எதை விட்டுக்கொடுப்பது?
– தர உறுதிப் பிரிவு ஊழியர், ஆலத்தூர்

பதில்: இரண்டையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இறுதிப் பொடியைக் கையாளும் அறையில் அழுத்தத்தைக் கூட்டி வைத்தால் வெளித்தூசி உள்ளே வராது. அதே அறையில் புற்றுநோய் மருந்து இருந்தால், நுண்பொடி வெளியேறிப் பக்கத்தில் இருப்பவரின் நுரையீரலுக்குப் போகும். இப்படிப்பட்ட மருந்துகளுக்குப் பொடியை ஐசொலேட்டருக்குள் அடைத்து, அறைக்கும் நடைபாதைக்கும் இடையே காற்றுப் பூட்டு அறை வைப்பதே வழி. பெனிசிலின் வகைகளுக்குத் தனிக் கட்டடமும் தனிக் காற்றமைப்பும் தேவை. அவற்றின் துகள் வேறு மருந்தில் கலந்தால், ஒவ்வாமை உள்ள நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

மீட்டெடுத்த கரைப்பானிலும் கவனம் தேவை. 2018இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு தெரியவந்து பல நாடுகள் அதைத் திரும்பப் பெற்றன. தொடர்ந்து நடந்த ஆய்வுகளில், வேறு வினைகளிலிருந்து மீட்ட கரைப்பான் வழியாகவும் இவ்வகை மாசு பரவக்கூடும் என்று தெரிந்தது. எந்தத் தொட்டியை எந்த மருந்தோடு இணைக்கிறோம் என்பதும் தரத்தைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: "பட்ஜெட் தாங்காது, அடுத்த கட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்" என்று பாதுகாப்பு ஏற்பாட்டை நிர்வாகம் தள்ளிப்போட்டால்?
– திட்டப் பொறியாளர், சென்னை

பதில்: முதலில் மலிவான மாற்று இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். கரைப்பான் இருப்பைக் குறைக்கலாம். மின்சாரம் போனாலும் தானாக இறங்கும்படி அவசர நீரை மேல்தளத் தொட்டியில் வைக்கலாம். ஆபத்தையே குறைக்கும் மாற்றம் பல நேரம் கருவி வாங்குவதைவிடச் செலவு குறைந்தது.

அடுத்து ஹேசாப் கூட்டம். 1960களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான முறை இது. ஓட்டம் இல்லை என்றால், அதிகமானால், எதிர்த்திசையில் போனால் என்று ஒவ்வொரு குழாயாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். அதில் ஷிப்டில் நிற்கும் ஆபரேட்டரைக் கட்டாயம் உட்கார வையுங்கள். எந்த வால்வுக்குக் கை எட்டாது என்பது அவருக்குத்தான் தெரியும். கூட்டத்தில் எழுந்த ஒவ்வோர் ஐயத்தையும் எழுத்தில் வையுங்கள்.

மூன்றில் மட்டும் பேரமே வேண்டாம்: வினையின் வேகத்துக்கு ஏற்ற அழுத்த வெளியேற்றம், குளிரூட்டலுக்கு மாற்று, டொலுயீன் போன்ற கரைப்பான்கள் சுழலும் சென்ட்ரிஃபியூஜுக்கு நைட்ரஜன் போர்வை. டொலுயீன் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியைத் தருவது. மின்சாரத்தை எளிதில் கடத்தாததால் சுழலும்போது நிலைமின்னூட்டம் சேரும். ஒரு பொறி போதும்.

இவை இல்லாத வரைபடத்தில் கையெழுத்திடாதீர்கள். காரணத்தை மரியாதையாக, எண்களோடு, எழுத்தில் கொடுங்கள். மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்பதும் இந்த வேலையின் பகுதிதான். நிபுணர் என்று அழைத்து ஊதியம் தருவது அதற்காகவும்தான்.