மீன்தொட்டி நீரும் மின்கடத்துத்திறனும்



சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டு மீன்தொட்டியிலிருந்த ஆறு கப்பி மீன்கள் ஒரே இரவில் மடிந்தன. இயற்பியல் கற்பிக்கும் நானே அதற்குக் காரணமானேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொண்டு இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

தூய நீர் மின்சாரத்தை மிகச் சொற்பமாகவே கடத்தும். அதில் உப்பு கரைந்தால், அது நேர்மின், எதிர்மின் அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைச் சுமந்து செல்கிறது. இக்கருத்துக்கு 1884-இல் வித்திட்ட சுவீடன் நாட்டு அர்ரீனியஸின் ஆய்வேட்டுக்கு அவருடைய பல்கலைக்கழகம் மிகக் குறைந்த தரமே வழங்கியது. 1903-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். (மதிப்பெண் பட்டியலைக் கண்டு கலங்கும் மாணவியர் கவனிக்க!)

நீரில் இரு மின்முனைகளை அமிழ்த்தி, அவற்றினிடையே எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை மின்கடத்துமானி அளக்கிறது. சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமன்ஸ் என்பது அளவு. காய்ச்சி வடித்த நீரில் சில அலகுகளே காட்டும். கடல்நீரில் சுமார் 50,000 காட்டும். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். ஆதலால் 25 டிகிரிக்குத் திருத்திய அளவுகளையே ஒப்பிட வேண்டும். கடைகளில் கிடைக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரும் மின்கடத்துத்திறனையே அளந்து, 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது.

ஒரு தம்ளர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்து அளந்து பாருங்கள். முள் அசையாது! சர்க்கரை அயனிகளாகப் பிரிவதில்லை அல்லவா? மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சேர்ந்தாலே மீனுக்குத் தீங்கு செய்யும். ஆனால் மானியில் அது சில அலகுகளே கூட்டும். கரைந்த அயனிகள் மொத்தத்தில் எவ்வளவு என்று கருவி சொல்லும். அவை எவை என்று சொல்லாது.

இனி என் பிழைக்கு வருகிறேன். என் தொட்டி 60 லிட்டர் கொள்ளும். ஆழ்குழாய்க் கிணற்று நீர், அளவு 600. கோடையில் வாரம் 5 லிட்டர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். குறைந்ததை நானோ அதே கிணற்று நீரால் நிரப்பி வந்தேன். கணக்கிட்டுப் பாருங்கள்: 12 வாரங்களில் 60 லிட்டர் ஊற்றியாயிற்று, உப்பு இருமடங்கு, அளவு 1200. அதைக் கண்டு பதறி, மீன்களை வாளியில் எடுத்துவைத்துத் தொட்டி நீர் முழுவதையும் இறைத்துவிட்டு, ஆர்.ஓ. நீரை நிரப்பி மீன்களை விட்டேன். மானி 30 காட்டியது. மகிழ்ச்சியுடன் உறங்கச் சென்றேன்.

நன்னீர் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். ஆகவே சவ்வூடு பரவலால் நீர் ஓயாமல் செவுள் வழியே உட்புகும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றி, இழந்த உப்பைச் செவுள்களால் மீட்கிறது. உப்பு மிக்க நீரில் பழகிய உடல், புதிய நீருக்கேற்ப இப்பணியை மாற்றிக்கொள்ள நாட்கள் வேண்டும். நான் ஒரு மணி நேரங்கூடக் கொடுக்கவில்லை. அந்த 1200-இல் கப்பிகள் நலமாகவே நீந்திக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் இன்றும் மனம் நோகிறது.

செய்திருக்க வேண்டியது எளிது. வாரம் 10 லிட்டரை எடுத்துவிட்டுக் கிணற்று நீரை ஊற்றியிருந்தால் முதல் முறை 1200 என்பது 1100 ஆகும். அடுத்த வாரம் 1017. ஆவியான குறையை மட்டும் ஆர்.ஓ. நீராலோ தூய மழைநீராலோ நிரப்பலாம்.

இப்போது தொட்டியில் வேறு நான்கு கப்பிகள் உள்ளன. ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் அளந்து, பழைய நாட்குறிப்பு ஒன்றில் எழுதி வருகிறேன். இவ்வார அளவு 640. சென்ற வாரம் 650.